லயத்துக்கு நோய் வந்த வழி

2020 பெப்ரவரி 1 ஆம் திகதி காலை யூ.எல். 1423 என்ற விசேட விமானம் மத்தலயில் இறங்கியது. வூஹான் நகரில் சிக்கியிருந்த 33 இலங்கையர், பெரும்பாலும் மாணவர்கள், அதில் வந்தார்கள். இறங்கிய கையோடு பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் அங்கே வைத்திருந்து, நோய் இல்லை என்று உறுதியானதும் பெப்ரவரி 14 இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1900 இல் போவர் யுத்தக் கைதிகளை அடைத்துவைத்ததும் இதே தியத்தலாவையில்தான். வெளியுலகின் ஆபத்தைக் கொண்டுவந்து மலைமேல் வைப்பது ஆட்சியாளருக்குப் பழைய வழக்கம்.

அந்த 33 பேரில் ஒருவருக்கு நோய் கண்டிருந்தால், அது எங்கே தொற்றியது என்று யாரும் தலையைப் போட்டு உடைத்திருக்கமாட்டார்கள். ஊர் தெரியும், நாள் தெரியும், விமானத்தில் அமர்ந்த இருக்கைகூடத் தெரியும். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் அதே மாவட்டத்தின் ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் தேயிலைத் தோட்டங்களின் லயத்து வாசலில் நின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அப்படி எதுவும் தெரிந்திருக்கவில்லை. “எங்கே போயிருந்தீங்க?” என்று அவர் கேட்பார். “எங்கேயும் போகலைங்க பி.எச்.ஐ. ஐயா, தோட்டத்துலதான் இருந்தோம்” என்று பதில் வரும். கேட்டவர் பாதியைத்தான் நம்புவார். சொன்னவரும் பாதியைத்தான் சொல்லியிருப்பார். நோய் வந்த வழியைத் தேடும் வேலையின் கஷ்டமெல்லாம் மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

வேலையின் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு வைரசுக்கும் உடம்புக்குள் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே ஓர் அளவான இடைவெளி உண்டு: நோயரும்பு காலம். இன்புளுவென்சாவுக்கு ஒன்றிலிருந்து நான்கு நாள். 2020 இல் வந்த கொரோனாவுக்குச் சராசரியாக ஐந்து நாள், அதிகம் போனால் 14. சின்னமுத்துத் தடிப்பு தெரிய ஏறக்குறைய 14 நாள் ஆகும். கொப்பளிப்பானுக்கு 10 முதல் 21. செங்கமாரியைக் கொண்டுவரும் ஈரலழற்சி ஏ வைரஸ்தான் பொறுமைசாலி: 15 நாளிலிருந்து 50 நாள் வரை, சராசரியாக 28. நோய் கண்ட திகதியிலிருந்து அந்த இடைவெளியைப் பின்னால் எண்ணினால் ஒரு ஜன்னல் கிடைக்கும். அந்த ஜன்னலுக்குள் நோயாளி போன இடங்கள், கூட இருந்த ஆட்கள், குடித்த தண்ணீர் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் கேட்பதுதான் விசாரணை.

இலங்கையில் இதற்கான காகிதப் பாதை நன்றாகவே இருக்கிறது. தொற்றுநோய் என்று சந்தேகித்தவுடன் வைத்தியர் எச் 544 படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும். அவர் பி.எச்.ஐ.யை வீட்டுக்கு அனுப்புவார். பி.எச்.ஐ. பார்த்துவிட்டு வந்து எச் 411 இல் எழுதுவார். வார இறுதியில் எல்லாம் எச் 399 ஆகத் தொகுக்கப்பட்டுக் கொழும்பின் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவின் வழிவந்த ஏற்பாடு இது. அயல்நாடுகள் பலவற்றிடம் இல்லாத சொத்து என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் தோட்டங்கள் நெடுங்காலம் கம்பனிக்காரரின் தனி ராச்சியமாக இருந்தன. நோயாளி முதலில் போவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு. அங்கே மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் படிவமும் பிறப்பதில்லை, பரிசோதகரும் வருவதில்லை.

படிவம் பிறந்தாலும் நினைவு வேண்டும். செங்கமாரி கண்டவரிடம் “போன மாதம் எங்கே தண்ணீர் குடித்தீர்கள்” என்று கேட்டால் யாருக்கு ஞாபகமிருக்கும்? திகதி சொல்லிக் கேட்பவர் தோற்றுப்போவார். தோட்டத்து நினைவு வேறு கலண்டரில் ஓடுகிறது: சம்பளம் போட்ட நாள், அட்வான்ஸ் கொடுத்த நாள், மாரியம்மன் தேர் புறப்பட்ட நாள், போயா லீவு, பக்கத்துக் காம்பராவில் எட்டுச் செலவு. “தேருக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்கத் தெரிந்த உத்தியோகத்தருக்குப் பதில் கிடைக்கிறது. தமிழ் பேசத் தெரிந்த பரிசோதகர்கள் ஊவா மாகாணத்தின் தோட்டப்புறத்தில் குறைவு என்பதை வெறும் மொழியுரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மொழிபெயர்க்க ஒரு கங்காணியையோ தோட்டத்து உத்தியோகத்தரையோ கூட வைத்துக்கொண்டால், கேள்வி கேட்பவர் மாறிவிடுகிறார். கங்காணியின் முன்னால் தொழிலாளி சொல்வது வேறு கதை.

ஒவ்வொருவர் நினைவையும் நம்பாமல் எல்லோருடைய திகதிகளையும் சேர்த்துப் பார்க்கும் வழியும் உண்டு. எந்த நாளில் எத்தனை பேருக்கு நோய் கண்டது என்று வரைபடம் போட்டால், அதன் வடிவமே பேசும். திடீரென்று ஏறி, ஒரு நோயரும்பு காலத்துக்குள் சரிந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே ஊற்று: ஒரு பீலி, ஒரு அன்னதானம், ஒரு தண்ணீர்த் தாங்கி. அலை அலையாக, சமமான இடைவெளிவிட்டு ஏறினால் ஆளுக்கு ஆள் பரவுகிறது. முதலாவது வடிவத்தில் உச்சத்திலிருந்து 28 நாள் பின்னால் போனால், ஈரலழற்சி ஏ புகுந்த நாளுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். மலைச்சரிவில் மேலே ஒரு லயமும் கீழே ஒரு லயமும் ஒரே ஓடைத் தண்ணீரை நம்பியிருக்கும் இடத்தில், கீழ் லயத்தில் மட்டும் நோய் கண்டால் வரைபடம்கூட வேண்டாம். மேலே ஏறிக் கக்கூசுக் குழியைப் பார்த்தால் போதும்.

தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை, யார் எங்கிருந்து நோய் கொண்டுவந்தார் என்ற விசாரணை அவர்கள் வந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கி, வடபாதை வழியே காட்டுக்குள் நடந்து மாத்தளைக்கு வந்தவர்களோடு வாந்திபேதியும் அம்மையும் சேர்ந்து நடந்தன. பம்பாயில் பிளேக் வெடித்த மறு ஆண்டு, 1897 இல், இலங்கை அரசு தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொரோனாக் காலத்தில் ஆட்களை அடைத்துவைக்கப் பயன்பட்டதும் அதே சட்டம்தான். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், தலைமன்னார் ரயில் பாதை 1914 இல் திறந்தபின் மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கே தடுத்துவைத்து, அம்மை குத்தி, காய்ச்சல் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகரத் துண்டு. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் இலக்கமும் பொறித்திருக்கும். பிரயாணச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதுதான் அதன் முதல் நோக்கம். ஆளை நோயோடு சேர்த்துப் பின்தொடரவும் அது உதவியிருக்கும். பம்பாயிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த துரைமாரின் கழுத்தில் தகரம் தொங்கவில்லை என்பதைச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடக்க மனம் வரவில்லை.

முகாம் இருந்தும் 1918 இன் இன்புளுவென்சாவைத் தடுக்க முடியவில்லை. அது வந்த வழியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இருவர் தேடிப்பார்த்தார்கள். சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திராவும் 2014 இல் வெளியிட்ட ஆய்வுக்கு வைரசும் இல்லை, நோயாளியும் இல்லை. கைவசம் இருந்தவை குடித்தொகைக் கணக்கும், மாவட்டவாரியாக வாரந்தோறும் பதிவான மரண எண்ணிக்கையும்தான். வழக்கத்துக்கு மேலான மரணம் எந்த வாரத்தில் எங்கே உச்சம் தொட்டது என்று பார்த்தார்கள். வடக்கிலும் தெற்கிலும் 1918 ஒக்டோபர் தொடக்கத்தில் உச்சம். நடுப்பகுதியில் 1919 மார்ச் தொடக்கத்தில். ஆக, நோய் இரண்டு வாசல் வழியாகத் தீவுக்குள் நுழைந்திருக்கிறது, நடுவே சென்றுசேர ஐந்து மாதம் பிடித்திருக்கிறது. அந்த ஆய்வின்படி மக்கள்தொகை இழப்பு 3,07,000. அன்றைய தொகையில் ஏறக்குறைய 6.7 சதவீதம். அரசாங்கம் எழுதிவைத்த இன்புளுவென்சா மரணங்களைவிட இது மிக அதிகம். மரணத்தைப் பதிந்த கிளார்க்குகள் காரணத்தைத் தவறாக எழுதியிருக்கலாம், வாரத்தைச் சரியாக எழுதினார்கள். அதுவே போதுமாக இருந்தது.

இனி 2020 இன் கொரோனாக் கொத்தணிகளுக்கு வரலாம். இலங்கையில் முதல் தொற்றாளர் ஹூபேயிலிருந்து வந்த ஒரு சீனப் பயணி (ஜனவரி 27). முதலாவது உள்நாட்டுத் தொற்றாளர் இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டிய ஒருவர் (மார்ச்). இரண்டிலும் வழி தெளிவு. ஏப்ரலில் கதை சிக்கலாயிற்று. ஜாஎலயின் சுதுவெல்லயில், நோயாளியோடு பழகியும் ஒளிந்துகொண்ட சிலரைப் பிடிக்கக் கடற்படையினர் போனார்கள். தொடர்பாளரைத் தேடிப் போனவர்களே தொற்றாளர் ஆனார்கள். வெலிசறை முகாமிலிருந்து லீவில் பொலன்னறுவைக்குப் போயிருந்த ஒரு சிப்பாயிடம்தான் அது முதலில் தெரிந்தது. முகாமில் இருந்த நூற்றுக்கணக்கானவரிடம் அது பரவிவிட்டிருந்தது. தேடுபவர் நோயின் பாதைக்கு வெளியே நிற்பதில்லை என்பதை இந்த நாட்டில் யாரும் மறுக்க முடியாதபடி அந்தக் கொத்தணி காட்டியது.

ஒக்டோபர் 4 அளவில் மினுவாங்கொடையின் ஒரு ஆடைத் தொழிற்சாலை. காய்ச்சலோடு கம்பஹா வைத்தியசாலைக்கு வந்த ஒரு பெண் தொழிலாளி வழியாக அது வெளிப்பட்டது. சில நாள்களில் அங்கே வேலைசெய்த ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு நோய் உறுதியாயிற்று. அதுவரை நாடு முழுவதிலும் மொத்தத் தொற்றாளர் சுமார் 3,400 மட்டுமே. அந்தப் பெண்ணைச் சுற்றி வதந்திகள் பறந்தன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தார்களா, விமான ஊழியர் தங்கிய ஹோட்டலா என்று பல ஊகங்கள். சட்டமா அதிபர் குற்ற விசாரணைக்கே உத்தரவிட்டார். ஒக்டோபர் 21 இல் பேலியகொடை மீன்சந்தையில் 49 பேருக்குத் தொற்று. நாட்டின் நான்கு மூலையிலிருந்தும் இரவோடிரவாக லொறி வந்து மீன் ஏற்றிப்போகும் இடம் அது. தமிழ்நாட்டு வாசகருக்குக் கோயம்பேடு நினைவுக்கு வரும். 2020 மே 5 இல் சந்தையை மூடியபோது, ஊர் திரும்பிய கூலியாட்கள் வழியாகக் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் நோய் போய்ச் சேர்ந்திருந்தது.

மினுவாங்கொடையும் பேலியகொடையும் ஒன்றுக்கொன்று உறவா? நேர்காணலால் சொல்ல முடியாததை மரபணு சொன்னது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மாளவிகே, சந்திம ஜீவந்தர ஆகியோரின் குழு ஒக்டோபர் முடிவில் அறிவித்தது: இரண்டும் ஒரே வகை, முந்திய கொத்தணிகளிலிருந்து வேறானது, டி614ஜி மாற்றம் கொண்டது. அந்தக் கிளைக்குப் பின்னர் பி.1.411 என்று பெயர் கிடைத்தது. வைரஸ் பெருகும்போது நேரும் எழுத்துப் பிழைகள் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். ஒரே பிழைகள் உள்ளவை ஒரே வம்சம். ஆனால் மரபணுவின் வல்லமைக்கு எல்லை உண்டு. இரண்டு கொத்தணிகள் உறவினர் என்று அது உறுதியாகச் சொல்லும். யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லாது. ஒரு வாரத்துக்குள் பத்துப் பேரிடம் தாவிய வைரசில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கலாம். ஆகவே “கொண்டுவந்தவர் யார்” என்று ஆய்வுகூடத்தைக் கேட்டவர்களுக்கு, அவர்கள் எதிர்பார்த்த பெயர் கிடைக்கவில்லை.

அந்த நவம்பரில்தான் ஊவா தோட்டங்களின் முறை. நவம்பர் 14 தீபாவளி. புறக்கோட்டைக் கடைகளிலும், ஹோட்டல்களிலும், வீடுகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைபார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் எந்தச் சிரமத்திலும் ஊருக்கு வந்துவிடும் ஒரே நாள். பண்டிகைக்கு முன்பே மேல் மாகாணத்திலிருந்து வெளியேறத் தடை போட்டார்கள். தடைக்கு முன்னால் புறப்பட்டவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். கொழும்பிலிருந்து பதுளைக்கு இரவு பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ வந்தால், ஒரு முழு இரவை மூடிய ஜன்னலோடு கழிக்கவேண்டும். அந்த இரவின் பங்கை அளக்க ஒரு நல்ல எண் கைவசம் இருக்கிறது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 84,965 தொற்றாளர்களையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பின்தொடர்ந்து ரமணன் லட்சுமிநாராயணன் குழு 2020 இல் ஆய்வு வெளியிட்டது. நோயாளியோடு ஒரே வாகனத்தில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் நெருங்கி உட்கார்ந்து போனவர்களில் ஏறத்தாழ 79 சதவீதத்துக்குத் தொற்றியிருந்தது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 78 பேர்தான் என்பதால் எண்ணைச் சற்றுத் தளர்த்தியே எடுத்துக்கொள்ளவேண்டும். தளர்த்தினாலும் அது அச்சமூட்டும் எண்தான்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி. தொற்றாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரின் தொடர்பாளர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. மிகச் சிறுபான்மையினரே பெரும்பான்மைத் தொற்றுக்குக் காரணம். அப்படியானால் ஒரு நோயாளியைக் கண்டதும் அவர் யாருக்குக் கொடுத்தார் என்று முன்னோக்கித் தேடுவதைவிட, அவருக்கு எங்கே கிடைத்தது என்று பின்னோக்கித் தேடுவது அதிகம் பலன் தரும். அவருக்குக் கிடைத்த இடத்தில் இன்னும் பலருக்குக் கிடைத்திருக்கும். ஜப்பான் 2020 இன் தொடக்கத்திலேயே இந்த வழியில் போனது. தோட்டத்தில் நடந்தது பெரும்பாலும் முன்னோக்கிய வேலைதான்: கொழும்பிலிருந்து வந்த பிள்ளையைக் கண்டுபிடி, வீட்டுக் கதவில் அறிவித்தல் ஒட்டு, லயத்தைப் பூட்டு. அந்தப் பிள்ளை வந்த பஸ்ஸில் கூட வந்தவர்கள் எந்தெந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள் என்று கேட்கப் பஸ்ஸில் ஆசனப் பதிவு இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

லயத்துக்குள் வந்தபின் “யாரிடமிருந்து” என்ற கேள்விக்கு அர்த்தம் குறைந்துவிடுகிறது. ஒரு காம்பரா, ஒரு சிறிய சமையலிடம், அடுத்த குடும்பத்தோடு பங்குபோடும் சுவர், வரிசைக்கு ஒரு பீலி. வடகீழ்ப் பருவ மழையும் குளிரும் பதுளையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. கதவு, ஜன்னல் சாத்தித்தான் கிடப்பார்கள். 2020 ஜனவரி 24 இல் குவாங்சோ நகரின் ஒரு உணவகத்தில், அடுத்தடுத்த மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களில், வூஹானிலிருந்து வந்த ஒருவர் உட்பட 10 பேருக்கு நோய் கண்டது. ஏசிக் காற்று சுழன்ற பாதையையும் மேசைகளின் இருப்பையும் பொருத்திப்பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள். லயத்தில் அந்த நுட்பம் எதற்கு? அங்கே எல்லோரும் ஒரே மேசை.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 2018 மே மாதம் நிபா வந்தபோது நடந்த விசாரணை இந்த இடத்தில் பாடமாக எடுக்கத்தக்கது. முதல் நோயாளிக்கு அது எப்படி வந்தது என்பது முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. அப்பகுதிப் பழந்தின்னி வௌவால்களில் வைரஸ் இருந்தது மட்டும் உறுதி. ஆனால் அடுத்தடுத்த நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கே வாங்கிக்கொண்டார்கள் என்பது துல்லியமாகத் தெரிந்தது: வைத்தியசாலைகளில். அதிலும் குறிப்பாக, மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைவழியில். நிபாவை அடக்க அந்த நடைவழி தெரிந்ததே போதும். வௌவாலின் முகவரியைப் பிறகு பார்க்கலாம்.

தோட்டத்துக்கும் அப்படியான நடைவழிகள் உண்டு. காலையில் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், பிள்ளைக் காம்பரா, தூர மலைக்கு ஆளேற்றும் லொறி, சம்பள நாளில் கடைத்தெரு. இவற்றைத் தேட வேறு எங்கும் இல்லாத ஒரு ஆவணம் தோட்டத்தில் இருக்கிறது: செக்ரோல். யார், எந்த நாளில், எந்த மலையில், யாருடைய கணக்கில் வேலைசெய்தார் என்பது நூறு வருடத்துக்கு மேலாக அதில் எழுதப்பட்டு வருகிறது. கொழும்புக் கடையிலோ தொழிற்சாலையிலோ நாள் நாளாக யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று இவ்வளவு ஒழுங்காக எழுதிவைப்பது அபூர்வம். பிள்ளைக் காம்பராவின் பதிவையும் டிஸ்பென்சரிப் புத்தகத்தையும் அதனோடு சேர்த்து வைத்தால், ஒரு தோட்டத்தில் நோய் ஓடிய பாதையை நேர்காணல் இல்லாமலே பாதி எழுதிவிடலாம். 1918 இன் மரணப் பதிவேடு செய்த வேலையை இது உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்யும்.

சிக்கல் என்னவென்றால் செக்ரோல் சம்பளப் புத்தகமும்கூட. “பேர்” விழுந்தால் சம்பளம். அரைப்பேர் விழுந்தால் பாதி. காய்ச்சலைச் சொன்னால் அன்றைய பேர் போகும். தொடர்பாளர் என்று எழுதப்பட்டால் பதினான்கு நாள் பேர் போகும். ஒரு லயத்தைப் பூட்டினால் இருபது குடும்பத்தின் பேர் போகும், சொன்னவரின் பெயரும் சேர்ந்து கெடும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாய் திறக்காதவரை அறியாமைக்காரர் என்று எழுதிய பத்திரிகைகளைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. ஊரடங்கு நாளிலும் தேயிலை ஓடவேண்டும் என்று மலைக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்.

பயம் தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது மாறியது. அந்தப் பத்து மாதங்களில் பதுளை நகரின் முஸ்லிம் வீடுகளில் ஒரு முதியவருக்கு மூச்சுத்திணறல் என்றால், வைத்தியசாலையா வீடா என்று யோசித்திருப்பார்கள். அறிவியல் அடிப்படையற்ற ஒரு விதி, தொற்றின் பாதையைத் தேடியவர்களிடமிருந்தே பாதையை மறைத்தது. பேலியகொடையில் மீன் வியாபாரி, சுதுவெல்லயில் போதைக்கு அடிமையானவர், மினுவாங்கொடையில் தொழிற்சாலைப் பெண், தோட்டத்தில் தீபாவளிக்கு வந்த பிள்ளை: ஒவ்வொரு கொத்தணிக்கும் ஒரு முகம் ஒட்டப்பட்டது. ஒட்டப்பட்ட பிறகு அடுத்த கொத்தணியில் உண்மை சொல்ல ஆளில்லை.

ஆகவே ஒரு பரிசோதகர் லயத்து வாசலில் முதலில் கேட்கவேண்டியது “யாரோட இருந்தீங்க?” என்பதல்ல, “எந்த மலையில, எந்த லொறியில?” என்பது. இடத்தைச் சொல்வதில் எவரையும் காட்டிக்கொடுக்கும் கூச்சம் இல்லை. செக்ரோலைப் பார்த்துச் சரிபிழை பார்க்கவும் முடியும். பெயர்கள் அதற்குப் பிறகு தாமாகவே வரும். தனிமைப்படுத்தப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் முழுப்பேர் போடப்படும் என்று தோட்ட நிர்வாகம் எழுத்தில் கொடுத்து, அந்தத் தாளைப் பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டினால், டிஸ்பென்சரியில் காய்ச்சல் என்று சொல்பவர்களின் எண்ணிக்கை அடுத்த வாரமே கூடும். எச் 544 படிவங்களும் கூடும். அதைக் கண்டு மாவட்ட அதிகாரிகள் நோய் பெருகிவிட்டது என்று பதறாமல் இருக்கவேண்டும்.